மணிக்கட்டு முறிவுக்குப் பின் வரும் சி.ஆர்.பி.எஸ்.: உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையா, வேறு வழிகளா?

மணிக்கட்டு எலும்பு முறிந்து ஐந்தாறு வாரம் மாவுக்கட்டில் கிடந்த கை, கட்டைப் பிரித்த பிறகு சில நாள் விறைத்தும் வலித்தும் இருப்பது இயல்புதான். ஆனால் ஒரு சிலருக்கு அந்த வலி நாளாக நாளாகக் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. புறங்கை பொதபொதவென்று வீங்கித் தோல் மினுமினுக்கிறது. ஒரு வேளை சிவந்து சூடாக இருக்கும் கை இன்னொரு வேளை நீலம் பாரித்துச் சில்லிட்டுக் கிடக்கிறது. சட்டைக் கை உரசினாலும் மின்விசிறிக் காற்று பட்டாலும் எரிகிறது. விரல்களை மடக்கச் சொன்னால் அவை உள்ளங்கையைத் தொடாமல் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு ஒழுங்காகக் கூடியிருக்கும். இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்று எழுதுகிறார்கள். காயத்தின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் பொருத்தமே இல்லாமல், ஒரு கையையோ காலையோ மட்டும் பிடித்துக்கொள்ளும் வலி நோய் இது.

நோய் புதியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சிதைந்த வீரர்களின் எரிவலியை 1864இல் சைலஸ் வெய்ர் மிட்செல் விவரித்தார். காயத்துக்குப் பிறகு கை எலும்புகள் சத்திழந்து மெலிவதை 1900இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் பால் சூடெக் பதிவு செய்தார். பல பெயர்களில் வழங்கிவந்த இதற்கு 1994இல்தான் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் இப்போதைய பெயரை வைத்தது. நரம்புக் காயம் வெளிப்படையாக இல்லாதது முதல் வகை, இருப்பது இரண்டாம் வகை. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு பெரும்பாலும் வருவது முதல் வகை. இக்கட்டுரை பேசுவதும் அதைப் பற்றியே.

இந்த நோய் வந்தவர்களிடம் அண்மைக்காலமாக, மூடிய அறையில் அழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கவைக்கும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. வலி தாங்காமல் இணையத்தில் தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுவதும் பெரும்பாலும் அதுவே. அதை எடுத்துக்கொள்வதா, அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு வழியில் செலவிடுவதா என்பதே இங்கு கேள்வி. 'ஆக்சிஜன்தானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது' என்ற மனநிலையில் முடிவெடுப்பது சரியாகாது. சி.ஆர்.பி.எஸ். நோயில் முதல் சில மாதங்களில் என்ன செய்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பது கையின் பிற்கால இயக்கத்தைப் பெரிதும் பாதிக்கிறது. ஆகவே எந்தச் சிகிச்சையையும் அது தரும் பலனைக் கொண்டு மட்டும் எடைபோடாமல், அது எந்தச் சிகிச்சையின் நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஒப்பிடத் தொடங்குமுன் நோயறிதலை உறுதி செய்துகொள்வது முதல் வேலை. 2003இல் புடாபெஸ்டில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் இப்போது உலகெங்கும் பயன்படுகிறது. தொடு உணர்வில் மாற்றம், நிறத்திலோ வெப்பத்திலோ மாற்றம், வீக்கமோ வியர்வை மாற்றமோ, இயக்கத்திலோ தோல், முடி, நகத்திலோ மாற்றம் என்று நான்கு பிரிவுகள் உள்ளன. இவற்றில் மூன்றிலாவது நோயாளி சொல்லும் தொந்தரவும், இரண்டிலாவது மருத்துவர் நேரில் காணும் அடையாளமும் இருக்க வேண்டும். வேறு எந்த நோயாலும் இதை விளக்க முடியாது என்பதும் உறுதியாக வேண்டும். கடைசி நிபந்தனையை அவசரத்தில் பலர் தாண்டிவிடுகிறார்கள். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு நடுநரம்பு அழுத்தப்படும் கார்ப்பல் டனல் நோய் வரக்கூடும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போவதும் இரவில் வலி கூடுவதும் அதன் அடையாளங்கள். அதற்கு வேண்டியது நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குவது. எத்தனை முறை ஆக்சிஜன் அறையில் படுத்தாலும் அந்த அழுத்தம் விலகாது. கிருமித் தொற்று, இரத்தக்குழாய் அடைப்பு, சரியாகப் பொருந்தாத எலும்பு ஆகியவற்றையும் முதலில் விலக்கிக்கொள்ள வேண்டும்.

இனி ஆக்சிஜன் சிகிச்சை. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஏறத்தாழ முழுமையாக ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது; அதில் மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 100 மில்லிக்கு 0.3 மில்லி மட்டுமே. மூடிய அறையில் அழுத்தத்தை மூன்று வளிமண்டல அளவுக்கு, அதாவது தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கு, உயர்த்தித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்தால் இது சுமார் 6 மில்லி வரை உயர்கிறது. சிவப்பணுக்களே இல்லாவிட்டாலும் உயிர் தாங்க அது போதும் என்பதை ஆம்ஸ்டர்டாமில் போரெமா 1960இல் பன்றிகளில் செய்துகாட்டினார். நீரில் ஆழம் சென்று மீளும் முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, வாயு அழுகல், கதிர்வீச்சால் சிதைந்த திசு, ஆறாத நீரிழிவுக் கால்புண் போன்றவற்றுக்கு இந்தச் சிகிச்சை அங்கீகாரம் பெற்றிருப்பது இந்த அடிப்படையில்தான்.

அந்தப் பட்டியலில் நசுங்கிய காயமும் உண்டு. இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய கைக்கும், ஒட்டவைத்த தோலோ திசுவோ இரத்த ஓட்டமின்றிக் கறுக்கத் தொடங்கிய கைக்கும் மணிக்கணக்கில் முடிவெடுத்து ஆக்சிஜன் அறைக்கு அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. சி.ஆர்.பி.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை. 'கைக் காயத்துக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை' என்று ஒரு மையம் சொன்னால், எந்தக் காயத்துக்கு என்று கேட்பது அவசியம். சொல்வது பொய்யாக இல்லாமலேயே கேட்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் வாக்கியம் அது. பட்டியலில் இல்லாத நோய்களுக்கெல்லாம் இதை விளம்பரப்படுத்துவதை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இலேயே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

ஆனாலும் சி.ஆர்.பி.எஸ். நோய்க்கு ஆக்சிஜனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஆதாரமே இல்லாமல் பிறந்ததன்று. நோயுற்ற கையின் தோலில் நுண்குழாய் இரத்த ஓட்டம் குலைந்து ஆக்சிஜன் குறைவதற்கான அடையாளங்களை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அழுத்த ஆக்சிஜன் இரத்தக்குழாய்களைச் சற்றுச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. குழாய் சுருங்கினாலும் கரைந்த ஆக்சிஜன் கூடியிருப்பதால் திசுவுக்குப் பட்டினி இல்லை. விலங்குச் சோதனைகளில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் அதனால் குறைகின்றன.

மனிதரில் நடந்த முக்கியமான சோதனை ஒன்று உண்டு. துருக்கியில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான அந்த ஆய்வில் 71 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சீட்டுக் குலுக்கல் முறையில் 37 பேர் 2.4 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனையும், 34 பேர் அதே அழுத்தத்தில் சாதாரணக் காற்றையும் சுவாசித்தார்கள். ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம் வீதம் 15 அமர்வுகள். முடிவில், ஆக்சிஜன் பெற்றவர்களுக்கு வலியும் வீக்கமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. மணிக்கட்டின் அசைவும் மேம்பட்டிருந்தது. இரு குழுவினரும் ஒரே மாதிரி அறைக்குள் சென்று, ஒரே மாதிரிக் காது அடைத்து வந்ததால், நம்பிக்கையால் மட்டும் விளைந்த பலன் என்று இதை எளிதில் தள்ள முடியாது. இந்நோயின் பல சிகிச்சைகளுக்கு இந்த அளவு ஒழுங்கான சோதனைகூடக் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மற்ற அசைவுகள் மேம்பட்டன. மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தும் அசைவில் மட்டும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வீட்டு வேலையில் நமக்கு மிகவும் வேண்டியது அந்த அசைவுதான். தண்ணீர்ச் செம்பை இறுகப் பிடிக்கும்போதும், துணியைப் பிழியும்போதும், கையூன்றி எழும்போதும் மணிக்கட்டு பின்னோக்கி நிமிர்ந்தால்தான் விரல்களுக்குப் பிடி கிடைக்கும். மணிக்கட்டு முன்புறம் கவிழ்ந்த நிலையில் யாராலும் இறுக்கிப் பிடிக்க முடியாது. செய்து பார்த்தால் தெரியும். வலி குறைந்தும் இந்த அசைவு வராவிட்டால் கை வேலைக்கு ஆகாது. இரண்டாவது, நோயாளிகளைக் கண்காணித்தது 45ஆம் நாள் வரைதான். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அந்தக் கைகள் எப்படி இருந்தன என்பதற்கு அதில் விடை இல்லை. மூன்றாவது நுட்பமானது. 2.4 வளிமண்டல அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பது, ஆக்சிஜனைப் பொறுத்தவரை தரைமட்டத்தில் 50 விழுக்காடு ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். ஆகவே ஒப்பீட்டுக் குழுவும் ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாகப் பெற்ற குழுதான். அது உண்மைப் பலனைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்று ஆதரவாளர்கள் வாதிடலாம். அந்த வாதம் தவறு அல்ல. எப்படியிருந்தாலும், 71 பேரிடம் நடந்த ஒரு சோதனையை வைத்து ஒரு சிகிச்சையை முதல் வரிசையில் உட்காரவைக்க முடியாது.

அனுபவக் கதைகளை வைத்து முடிவெடுப்பதும் இந்த நோயில் ஆபத்தானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து நோயாளிகள் எல்லோரையும் கணக்கெடுத்து 2003இல் வெளியான ஆய்வில், 74 விழுக்காட்டினருக்கு நோய் காலப்போக்கில் நீங்கியிருந்தது. இப்படிக் காலப்போக்கில் முக்கால்வாசிப் பேர் தேறுகிற நோயில், தேறுவதற்குச் சற்று முன் எந்தச் சிகிச்சை எடுத்தார்களோ அதற்கே பெயர் கிடைக்கும். 'இருபது முறை போனேன், கை சரியாகிவிட்டது' என்று ஒருவர் மனதாரச் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சரியாக்கியது அந்த இருபது முறைதானா என்பதை அவரால் சொல்ல இயலாது.

பக்கவிளைவுகளில் மிகச் சாதாரணமானது காது. விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல அடைத்து, சமன்செய்யத் தெரியாதவர்களுக்குச் செவிப்பறையில் வலியும் இரத்தக் கசிவும் வரலாம். சளி பிடித்திருக்கும்போது போகக் கூடாது. பல அமர்வுகளுக்குப் பிறகு சிலருக்குத் தற்காலிகமாகக் கிட்டப்பார்வை கூடுகிறது. அரிதாக ஆக்சிஜனே மூளையைத் தாக்கி வலிப்பு வரலாம். இதை 1878லேயே பால் பெர்ட் எழுதிவைத்தார். நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கிய நியூமோதொராக்ஸ் இருந்தால் அறைக்குள் போகவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அமர்வின்போது சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால் உள்ளே போகுமுன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

தீயைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 1997 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் அழுத்த அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். நோயாளி ஒருவர் உள்ளே கொண்டுசென்ற, கையைச் சூடேற்றிக்கொள்ளும் சிறு கருவியே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. சில்லிட்டுப்போன கையோடு வாழும் சி.ஆர்.பி.எஸ். நோயாளியின் சட்டைப்பையில் இருக்கக்கூடிய பொருள் அது என்பதால்தான் இதை இங்கே குறிப்பிடுகிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தனியார் மையமொன்றில் ஐந்து வயதுச் சிறுவன் இதேபோன்ற தீயில் இறந்தான். இவை அரிதானவை, நெறிப்படி நடத்தப்படும் மையத்தில் பருத்தி உடை, கைபேசிக்குத் தடை, எண்ணெயும் தைலமும் பூசாமை என்று கண்டிப்பான சோதனை உண்டு. கைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்தவரை அப்படியே உள்ளே அனுப்பும் மையமாக இருந்தால், அங்கிருந்து திரும்பிவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை, துணிக்கூடாரம் போன்ற மென்சுவர் அறைகளைப் பற்றியது. அவை பெரும்பாலும் 1.3 வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் போவதில்லை. பலவற்றில் சுவாசிப்பது தூய ஆக்சிஜனும் அல்ல. மேலே சொன்ன ஆய்வின் 2.4 வளிமண்டலத்தோடு இதற்கு எந்த உறவும் இல்லை. அந்த ஆய்வைக் காட்டி இந்தக் கூடாரத்தை விற்பது சரியல்ல.

இப்போது எதிர்த்தட்டில் உள்ளவற்றைப் பார்ப்போம். அவற்றில் முதலாவதும், மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளமும் பிசியோதெரபி. இங்கே பிசியோதெரபி என்று சொல்வது, வலிக்க வலிக்க விரலை மடக்கிவிடுவதை அல்ல. அப்படிச் செய்தால் வீக்கம் கூடி நோயாளி கையை மேலும் ஒளித்துக்கொள்வார். நோயுற்ற கையைத் தானாகவே பயன்படுத்தவைக்கும் பயிற்சிகளே தேவை. பஞ்சு, பட்டுத் துணி, பிறகு துண்டு, பிறகு சொரசொரப்பான சாக்கு என்று தொடு உணர்வைப் படிப்படியாகப் பழக்குவது ஒன்று. வாட்சன், கார்ல்சன் என்ற இருவர் 1987இல் எழுதிய முறை இன்னொன்று: மண்டியிட்டு, கையில் தூரிகையைப் பிடித்து, உடல் எடையை அதன்மேல் ஊன்றித் தரையைத் தேய்ப்பது, மற்ற நேரத்தில் அந்தக் கையில் சிறு எடையுள்ள பையைத் தூக்கி நடப்பது. கை மூட்டுகளை அதிகம் அசைக்காமலேயே கைக்குப் பாரத்தைப் பழக்கும் இந்தப் பயிற்சியில் முதல் சில நாள் வலி கூடலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள்.

கண்ணாடிச் சிகிச்சை இதன் நீட்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டி நீக்கப்பட்ட கை இன்னும் வலிப்பதாக உணரும் நோயாளிகளுக்காக 1990களில் உருவாக்கிய முறை அது. இரு கைகளுக்கும் இடையே, நெஞ்சுக்கு நேராக ஒரு கண்ணாடியை நிறுத்தி, நோயுற்ற கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க வேண்டும். நோயுற்ற கை வலியின்றி அசைவதாக மூளை நம்பத் தொடங்குகிறது. பிரிட்டனில் மெக்கேப் குழுவினர் 2003இல் எட்டு சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். நோய் வந்து எட்டு வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. சில மாதங்கள் முதல் ஓராண்டு ஆனவர்களுக்கு விறைப்பு தளர்ந்தது. இரண்டாண்டைத் தாண்டியவர்களுக்குப் பலன் இல்லை. நாள்பட்டவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2004இல் இதற்கு முன் இரண்டு படிகளைச் சேர்த்தார். படத்தில் இருப்பது இடக்கையா வலக்கையா என்று அடையாளம் காண்பது முதல் படி, கையை அசைப்பதாக மனத்தில் கற்பனை செய்வது இரண்டாம் படி, அதன் பிறகே கண்ணாடி. மணிக்கட்டு முறிவுக்குப் பின் சி.ஆர்.பி.எஸ். வந்த 13 பேரிடம் ஆறு வாரத்தில் வலியும் வீக்கமும் குறைந்தன. எனினும் பிரிட்டனில் வழக்கமான மருத்துவச் சூழலில் இதே முறையைப் பின்பற்றியபோது வலி குறையவில்லை என்று 2012இல் ஒரு குழு எழுதியது. அதாவது இங்கேயும் சான்று கல்வெட்டு போன்றது அல்ல. ஆனால் செலவு ஒரு கண்ணாடி, வீட்டிலேயே செய்யலாம், காது அடைக்காது, தீப்பிடிக்காது, நாளுக்கு ஐந்தாறு முறை செய்தாலும் வேறெந்தச் சிகிச்சையின் நேரத்தையும் தின்னாது. சான்றின் பலம் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது இந்த வேறுபாடுகள்தான் தராசைச் சாய்க்கின்றன.

மருந்துகளில் ஸ்டீராய்டுக்கு, குறிப்பாக நோயின் சூடான தொடக்கக் கட்டத்தில், நல்ல இடம் உண்டு. 1982இல் டென்மார்க்கில் நடந்த சிறு சோதனையில் பிரெட்னிசோன் பெற்ற 13 பேரும் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். வெற்று மாத்திரை பெற்ற பத்துப் பேரில் இருவரே தேறினார்கள். லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் பக்கவாதத்துக்குப் பின் இந்நோய் வந்த 60 பேரிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில், பிரெட்னிசோலோன் எடுத்தவர்களில் 83 விழுக்காட்டினரும், பைராக்சிகாம் என்ற வலி மாத்திரை எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினரும் முன்னேறினார்கள். சில வாரச் சிகிச்சை. மருந்தின் விலையோ மிகக் குறைவு. குறை என்னவென்றால், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். வயிற்றுப்புண், மறைந்திருக்கும் காசநோய் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மாதக்கணக்காகிச் சில்லிட்டு மெலிந்த கைக்கு இதனால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

எலும்புச் சத்துக் குறைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளும் தொடக்க நிலையில் பயன்படுகின்றன. இத்தாலியில் 82 பேரிடம் நெரிட்ரோனேட் ஊசியைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவுகள் நம்பிக்கையூட்டின. அதன் பிறகு நடந்த பெரிய பன்னாட்டுச் சோதனைகளோ பலன் தென்படாததால் 2019இல் நிறுத்தப்பட்டன. பல் பிடுங்க வேண்டியிருப்பவர்கள் அதை முடித்துக்கொண்ட பிறகே இந்த மருந்துகளைத் தொடங்க வேண்டும். கழுத்தில் உள்ள நரம்பு முடிச்சில் ஊசி போடும் ஸ்டெல்லேட் தடுப்பு வலி மையங்களில் பரவலாகச் செய்யப்படுகிறது. அதற்கு நீடித்த பலன் உண்டு என்று சோதனைகள் காட்டவில்லை. ஆனால் ஊசி போட்ட பிறகு வலி அடங்கியிருக்கும் சில மணி நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தால், அந்த நோக்கத்துக்கு மட்டும் அதை ஏற்கலாம். தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்துவது கடைசிப் படி. நெதர்லாந்தில் 54 பேரிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில் வலி குறைந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கருவியோடு பிசியோதெரபி பெற்றவர்களுக்கும் பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு மங்கிவிட்டது.

எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கும் நிலையிலேயே இதைப் படிப்பவர்களுக்கு ஒரு துணைச் செய்தி: நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி-யை 50 நாள் கொடுத்தால் சி.ஆர்.பி.எஸ். வருவது குறைகிறது என்று நெதர்லாந்தில் 1999லும் 2007லும் வெளியான ஆய்வுகள் காட்டின. 2014இல் வந்த வேறொரு ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. செலவு சொற்பம் என்பதால் சிறுநீரகக் கல் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்வதில் பெரிய நட்டம் இல்லை. கட்டு இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினால் அன்றைக்கே போய்த் தளர்த்திக்கொள்வது அதைவிட முக்கியம்.

இவற்றையெல்லாம் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் கணிப்பு பின்வருமாறு அமைகிறது. நோய் வந்து மூன்று மாதத்துக்குள் இருக்கும், சூடாகவும் வீங்கியும் இருக்கும் கைக்கு, பயிற்சியும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். உடல்நிலை இடம்கொடுத்தால் குறுகிய காலம் ஸ்டீராய்டு சேரலாம். ஆக்சிஜன் அறைக்கு அங்கே அவசியம் எழுவது அரிது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் ஸ்டீராய்டு கொடுக்க முடியாதவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீக்கமே அவரது பயிற்சிக்குப் பெரும் தடையாக இருக்கிறது. நெறிப்படி நடக்கும் மையம் ஒன்று பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. கட்டணத்தைக் கடன் வாங்காமல் கட்ட முடிகிறது. அவருக்கு ஆக்சிஜன் சிகிச்சையைத் துணைச் சிகிச்சையாக முயல்வது நியாயமான தேர்வு. நான் பார்த்தவரை இந்த ஒப்பீட்டில் ஆக்சிஜன் முந்தும் இடம் இது ஒன்றுதான். அவரும் அறையிலிருந்து வெளியே வந்து வீக்கம் வடிந்திருக்கும் அந்த நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்தில், தினமும் இரண்டு மணி நேரம் பேருந்தில் போய், ஒன்றரை மணி நேரம் அறையில் படுத்து, மீண்டும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, களைப்பில் அன்றைய பயிற்சியை விட்டுவிடும் ஒருவர் இருக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் பதினைந்து அமர்வுக்கு மூன்று வாரம் போகிறது. கை இயங்க வேண்டிய மூன்று வாரத்தில் அது மடியிலேயே கிடந்தால், ஆக்சிஜன் தரும் பலனைவிட அந்த ஓய்வு தரும் விறைப்பே கூடுதலாக இருக்கும். அவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாண்டு கடந்து சில்லிட்டு மெலிந்த கையை உடையவருக்கும் அப்படியே. அவருக்கு மோஸ்லியின் படிமுறைப் பயிற்சியும், தூக்கத்தையும் மனச்சோர்வையும் கவனிக்கும் வலி மருத்துவரும் கூடுதலாகப் பயன்படுவார்கள்.

எல்லாவற்றையும் மீறி ஆக்சிஜன் சிகிச்சைக்குப் போவதென்று முடிவெடுத்தால், தொடங்கும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். அறை கடினச்சுவர் கொண்டதா, எத்தனை வளிமண்டல அழுத்தத்தில் நடத்துகிறார்கள், அமர்வு நடக்கும்போது மருத்துவர் கட்டடத்தில் இருப்பாரா, காதையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் முன்னதாகப் பார்ப்பார்களா, உள்ளே எதையெல்லாம் கொண்டுபோகத் தடை என்று எழுத்தில் தருகிறார்களா என்பவை அவை. நாற்பது, அறுபது அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்கும் மையத்தில், சோதனையில் கொடுத்ததே 15 அமர்வுதான் என்பதைச் சொல்லி, அந்த அளவுக்கு மட்டும் பணம் கட்டுவதாகப் பேச வேண்டும்.

அத்துடன் முதல் அமர்வுக்கு முன் கையை அளந்து வைக்க வேண்டும். விரல்களை முடிந்தவரை மடக்கிய நிலையில் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர். தையல் நாடாவை எட்டு வடிவில் மணிக்கட்டையும் புறங்கையையும் சுற்றினால் வீக்கம் எத்தனை சென்டிமீட்டர். மேசை மேல் உள்ளங்கையை ஊன்றி மணிக்கட்டை எவ்வளவு நிமிர்த்த முடிகிறது. பத்துக்கு வலி எத்தனை. பிசியோதெரபிஸ்ட் ஐந்து நிமிடத்தில் குறித்துக் கொடுத்துவிடுவார். எட்டு அமர்வு முடிந்ததும் அதே அளவுகளை, நாளின் அதே நேரத்தில், அதே ஆள் எடுக்க வேண்டும். மாலையில் வீக்கம் இயல்பாகவே கூடும் என்பதால் காலையில் எடுத்ததை மாலையோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். எண்கள் நகர்ந்திருந்தால் மீதி ஏழு அமர்வையும் முடிக்கலாம்; நகரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடலாம்.